மாட்டுக்கு வைத்த கூழ்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி கம்பு தோசை சுட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "டீச்சர், நம்ம பாரம்பரிய உணவு" என்று கீழே எழுதியிருந்தாள். பக்கத்தில் கிண்ணம் நிறையத் தக்காளிச் சட்னி. தோசை நன்றாக முறுகலாக வந்திருந்தது. ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. ஆச்சி இருந்திருந்தால் அந்தத் தட்டில் பாதியைத் தொட்டிருக்க மாட்டாள். இரண்டு நாளாக மனசு அங்கேயே சுற்றுகிறது. எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். மணி அடித்த பிறகும் வகுப்பை விடாதவள் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

எங்கள் வீடு கோவில்பட்டியில். அப்பாவுக்கு மில் வேலை. அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. காலை எட்டு மணிக்கு இருவரும் கிளம்பிவிடுவார்கள். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து அப்பாவைப் பெற்ற ஆச்சி எங்களோடு வந்து சேர்ந்தது 1963-ல். எனக்கு அப்போது 12 வயது. அன்றிலிருந்து அடுப்படி எனக்கும் ஆச்சிக்கும் என்று ஆகிவிட்டது. ஒரு மண் அடுப்பு, அதன் பக்கத்தில் ஒரு கொடியடுப்பு. பெரிய அடுப்பில் வீட்டுக்குச் சமையல். கொடியடுப்பில் ஆச்சிக்கு. ஒரே விறகு, ஒரே தீ. சாப்பாடு மட்டும் வேறு வேறு.

சண்டை காலையிலேயே தொடங்கும். எங்களுக்குக் காப்பி. ஆச்சிக்கு நீராகாரம். முதல் நாள் சோற்றில் ஊற்றிவைத்த தண்ணீரில் இரண்டு கல் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, "இந்தக் கருப்புத் தண்ணிக்கா இம்புட்டு ஆசை?" என்பாள். "உங்களுக்கு நாகரிகம் தெரியல ஆச்சி" என்று நான் சொல்வேன். காப்பி தமிழ் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆ.இரா. வேங்கடாசலபதி இதைப் பற்றி எழுதிய புத்தகத்தின் பெயரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. ஆச்சி அந்தக் காலத்தில் பிறந்தவள். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த சண்டை தக்காளிக்கு. ரசத்துக்கு நான் தக்காளி பிசைந்து விடுவேன். ஆச்சி சட்டியை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவாள். "சீமைத்தக்காளி போட்டது எனக்கு வேண்டாம்ட்டி." அவளுக்குத் தக்காளி என்றால் வேலியோரம் கறுப்பாகப் பழுக்கும் மணத்தக்காளி மட்டும்தான். புளியைக் கரைத்து, மிளகையும் சீரகத்தையும் அம்மியில் தட்டிப் போட்டுத் தனக்கு ஒரு கரண்டி ரசம் வைத்துக்கொள்வாள். மிளகாயை அவள் ஒதுக்கவில்லை. வத்தலும் மோர்மிளகாயும் சாப்பிடுவாள். ஆனாலும் உறைப்பு என்றால் அவள் நாக்குக்கு மிளகுதான். நான் குழம்பில் மிளகாய்ப்பொடியை அள்ளிப் போடும்போது, "இது என்ன உறைப்பா, அடியா?" என்று கேட்பாள்.

1976-ல் எனக்குத் தலைப்பிரசவம். அந்த ஒன்றரை மாதம் அடுப்படியில் ஆச்சி வைத்ததுதான் சட்டம். மிளகு, சீரகம், பூண்டு, காயம், நல்லெண்ணெய். மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. "பச்சை உடம்புக்கு ஆகாது." நான் அப்போது பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தவள். படுத்த படுக்கையில் அந்தப் பத்தியக் குழம்பைச் சாப்பிடும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆச்சி எதையெல்லாம் விலக்குகிறாளோ அதெல்லாம் கடல் தாண்டி வந்தது.

கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளில் இறங்கியது 1492-ல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-ல். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, முந்திரி, கொய்யா, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள். போர்த்துக்கீசியர் கப்பல்களிலும் அதற்குப் பின் வந்தவர்கள் கப்பல்களிலும் ஏறி இங்கே வந்தவை. அதற்கு முன்னால் தமிழ்நாட்டில் ஒரு வீட்டிலும் மிளகாய் கிடையாது. மிளகாய் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மிளகு, காய். மிளகைப் போல உறைக்கிற காய். புதிதாக வந்தவனுக்குப் பழைய வீட்டுக்காரன் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டியிருக்கிறார்கள். சங்க காலத்தில் மிளகுக்குக் 'கறி' என்றே பெயர். முசிறியில் யவனர்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிப் போன செய்தி அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் இருக்கிறது.

ஒரு புதுப்பொருள் முதலில் நுழைவது தினசரிச் சமையலில். பிறப்பு, இறப்பு, சாமி ஆகிய மூன்று வாசலிலும் அது கடைசியாகத்தான் நுழையும். பிள்ளை பெற்றவளின் பத்தியத்தைப் பாருங்கள். சில வீடுகளின் திவசச் சமையலைப் பாருங்கள். மிளகாய்க்குப் பதில் மிளகு. கோஸ், கேரட், உருளைக்கிழங்கு இருக்காது. வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு இருக்கும். பல பழைய கோயில் மடைப்பள்ளிகளிலும் பொங்கலுக்கு மிளகுதான். நூலகத்தில் ஐந்நூறு வருஷத்துக் குறிப்பைத் தேட வேண்டியிருக்கிறது. அடுப்படியில் அது ஆறாமல் சூடாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் வகுப்பில் அந்த விளையாட்டைத் தொடங்கினேன். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கரும்பலகையில் உங்கள் வீட்டுச் சாம்பாரில் போடுவதையெல்லாம் எழுதச் சொல்வேன். பிறகு, "1498-க்குப் பிறகு வந்ததை அழியுங்கள்" என்பேன். தக்காளி போகும். மிளகாய் போகும். உருளைக்கிழங்கு போகும். கேரட்டைக் காட்டி, "இது ஊட்டியில இருந்து வந்தது டீச்சர், நம்ம ஊருதானே" என்று ஒரு பையன் வாதாடினான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி மேல் ஏறி, அதற்குப் பின் வந்த வருஷங்களில் அங்கே உருளைக்கிழங்கு, கோஸ் என்று சீமைக் காய்களைப் பயிர் செய்ய வைத்த கதையை அன்றைக்குத்தான் சொன்னேன். இன்றும் சந்தையில் 'இங்கிலீஷ் காய்', 'நாட்டுக்காய்' என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். இருநூறு வருஷம் ஆகியும் பெயரில் இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை.

நம் ஊர்க் கடலைமிட்டாயை மறந்துவிடாதீர்கள். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. அதில் வெல்லம் பழசு, கடலை அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. விழுப்புரம், கடலூர் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பது வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காடு ஜில்லாவில் ஏக்கர் ஏக்கராக விளைந்து, புதுச்சேரி துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போன பயிர் அது. எங்கள் விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலின் பெருமையே மிளகாய் வத்தல்தான். அதுவும் வந்தேறிதான்.

இதுவரை சொன்னது சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய சண்டை. இனி வருவது அப்படி அல்ல.

1965, 1966 இரண்டு வருஷமும் நாட்டில் பல பகுதிகளில் மழை பொய்த்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொல்லி மக்களைக் கேட்டுக்கொண்டார். அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின் கீழ் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கியது. ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைப் போட்டார்கள். அம்மா வாங்கி வந்து அரைத்துத் தந்தாள். சப்பாத்தி என்ற பண்டத்தை நான் முதன்முதலில் உருட்டியது அப்போதுதான். இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. எங்களுக்கு அது புதுமை, கொண்டாட்டம். ஆச்சி தொடவே இல்லை.

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, வருஷக் கணக்கில் தொடவில்லை. வீட்டில் கம்பு தீர்ந்துபோன நாட்களில்கூட வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். அப்பா கெஞ்சுவார். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உலகமே சாப்பிடுது, உங்களுக்கு மட்டும் என்ன ஆச்சி வந்தது?" என்று கத்தினேன்.

ஆச்சி மெதுவாகத்தான் சொன்னாள். "வரிசையில நின்னு வாங்குன தானியம் எனக்கு உள்ள இறங்காதுட்டி. எங்கம்மா நின்னவ."

தாது வருஷப் பஞ்சத்தைச் சொன்னாள். ஆச்சியின் அம்மாவுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்குமாம். கஞ்சித்தொட்டி முன்னால் கையில் சிரட்டையோடு நின்றதையும், ஊற்றுகிறவன் தலையை எண்ணிக்கொண்டே ஊற்றியதையும், நின்ற இடத்திலேயே ஒரு கிழவி உட்கார்ந்து அப்படியே சரிந்ததையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். "யாரு வீட்டுத் தானியம்னு தெரியாம திங்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிருக்கா" என்று முடித்துவிட்டாள்.

எனக்கு அன்றைக்கு அது பிடிவாதமாகத்தான் பட்டது. பிற்பாடு எம்.ஏ. படிக்கும்போது அந்தப் பஞ்சத்தைப் புத்தகத்தில் பார்த்தேன். 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்துப்போனார்கள். 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து நிவாரணச் செலவைக் குறைத்தார். நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆண் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று கூலி. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் இது உயிரைக் காக்காது என்று எதிர்த்து எழுதினார். அந்த வருஷமே அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்தைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆச்சியின் அம்மா கையிலிருந்த சிரட்டை கண்ணிலேயே நின்றது.

அதே வரிசை எனக்கு வேறு மாதிரி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காமராஜர் 1956-ல் எங்கள் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அறுபதுகளில் பள்ளிகளுக்கு அமெரிக்கப் பால் பவுடர் வந்தது. நாங்கள் தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். பால் பவுடரை உள்ளங்கையில் வாங்கி நக்கிக்கொண்டே வீட்டுக்கு ஓடுவோம். மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைவிட ருசியான ஒன்றை நான் பிறகு சாப்பிட்டதில்லை. வரிசையில் நின்று வாங்கியதை ஆச்சியால் விழுங்க முடியவில்லை, எனக்கு அது தேனாக இறங்கியது. எனக்கு ஊற்றியவர்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஊற்றினார்கள். ஆச்சியின் அம்மாவுக்கு ஊற்றியவன் தலையை எண்ணினான்.

இனிமேல் எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்கும் தெரியாது.

1974-ல் எனக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த சில மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்த்த மூன்று டீச்சர்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். மூவரும் பெரிய ஊரில் வளர்ந்தவர்கள். நான் முதல் நாளே பூரிக்குக் கோதுமை மாவு சலித்து, குருமாவுக்கு உருளைக்கிழங்கும் பட்டாணியும் வாங்கிவைத்தேன். காலையில் அடுப்படிக்குள் போனால் கொடியடுப்பில் ஆச்சியின் கம்மங்கூழ். புளித்த வாடை வீடு முழுக்க. எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, "ஆச்சி, அவங்க வர்ற நேரம் இந்தக் கூழ இங்க வைக்காதீங்க, மானம் போயிரும்" என்றேன். ஆச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பானையைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்குப் போய், துவைக்கிற கல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சர்கள் வந்தார்கள். பூரி உப்பியது. குருமாவைப் புகழ்ந்தார்கள். கை கழுவப் புறவாசலுக்குப் போன ஒரு டீச்சர், ஆச்சி பக்கத்தில் இருந்த பானையைப் பார்த்து, "இது என்ன பாட்டி?" என்று சிரித்த முகமாகத்தான் கேட்டார். நான் கையில் செம்போடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆச்சி என்னைப் பார்க்கவில்லை. "அது மாட்டுக்கு வச்சது தாயி" என்றாள்.

எங்கள் வீட்டில் மாடு கிடையாது.

அவர்கள் போன பிறகு ஆச்சி உள்ளே வந்து, வழக்கம் போல அடுப்பைச் சாணி போட்டு மெழுகினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல ஒரு கதை சொன்னாள்.

"சப்பான்காரன் பர்மாவப் பிடிச்சான்னு சொன்னாவ. பர்மா அரிசி நின்னுபோச்சு. டவுன்ல அரிசி இல்ல. அரிசிச்சோறு தின்னு பழகுனவுக எங்க ஊருக்கு நடந்தே வந்தாவ, பித்தளைப் பானையும் குத்துவிளக்கும் தூக்கிக்கிட்டு. எங்க வீட்டுல குலுக்கை நிறையக் கம்பு. ஒங்க தாத்தா வெளக்க வாங்க மாட்டேன்னுட்டாரு. வந்தவுகளுக்கு முதல்ல கூழு ஊத்திட்டுத்தான் கம்ப அளந்து போட்டேன். ஒரு ஆளு, வக்கீல் குமாஸ்தாவாம், குடிச்சிட்டு என்னக் கும்பிட்டாரு." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கும்பாதான் இது" என்று மடியிலிருந்த வெண்கலக் கும்பாவைத் துடைத்துப் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான்.

1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததையும், சென்னை மாகாணத்துக்குப் பர்மா அரிசி வருவது அற்றுப்போனதையும், அதற்குப் பின் ரேஷன் வந்ததையும், 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்ததையும் நான் பரீட்சைக்குப் படித்து மதிப்பெண் வாங்கியிருந்தேன். அந்த அரிசி இல்லாத வருஷத்தில் கரிசல் காட்டுக் குலுக்கைகள் டவுனுக்குக் கூழ் ஊற்றியதை ஒரு புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. கம்பு அவளுக்கு ஏழ்மையின் சாப்பாடு அல்ல. கேட்டு வந்தவனுக்கு ஊற்றிய சாப்பாடு. அதைத்தான் நான் மானம் போகும் என்று சொல்லிப் புறவாசலுக்கு அனுப்பினேன்.

என்னை அப்படிச் சொல்ல வைத்த காலத்தையும் கொஞ்சம் சொல்கிறேன், சமாதானத்துக்காக அல்ல, சரித்திரத்துக்காக. தாமிரபரணிப் பாசனத்தில் நெல். கரிசலில் கம்பு, சோளம், குதிரைவாலி. எங்கள் கிராமத்தில் அரிசிச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், விருந்தாளி வந்த நாள். அதனால் அரிசி தின்பவன் வசதிக்காரன், கூழ் குடிப்பவன் பட்டிக்காட்டான் என்பது எல்லோர் மனசிலும் ஊறிப்போன கணக்கு. 1965-ல் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 நெல் வந்தது, அடுத்து ஐ.ஆர். 8 வந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு ஊரெல்லாம் ஒலித்தது. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். அரிசி என்பது அன்றைக்கு வெறும் தானியம் இல்லை. நாங்களும் மனுஷர்கள்தான் என்ற உரிமை. 2011 ஜூன் முதல் ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமலேயே கிடைக்கிறது. பசியாறிய வீடுகளை நான் கண்ணால் பார்த்தவள், அதைக் குறை சொல்ல என் வாய் வராது. அந்த அரிசி வந்த வேகத்தில் கம்பங்காடுகள் சுருங்கின. உரல் வெளியில் கிடந்து மழையில் நனைந்தது. கம்பு இடிக்கத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாகப் போயின.

1979 மாசியில் ஆச்சி படுக்கையில் விழுந்தாள். நான் அடுத்த தெருவில்தான் இருந்தேன், தினமும் போவேன். ஒருநாள், "ஒரு வாய் கூழு கிடைக்குமாட்டி?" என்று கேட்டாள். சந்தைக்கு ஓடி, இரண்டு மூன்று கடை ஏறி இறங்கிக் கம்பு வாங்கினேன். ஆச்சி செய்வதைப் பதினாறு வருஷம் பார்த்தவள் நான். தண்ணீர் தெளித்து உரலில் இடித்து, உமியைப் புடைத்து, மறுபடி இடித்து, குருணை வேறு மாவு வேறாகச் சலித்து, கொதிக்கிற உலையில் குருணையை முதலில் போட்டு, அது வெந்து வரும்போது மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் கிண்ட வேண்டும். எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் கையைப் போட்டுச் செய்ததில்லை. மில்லில் கொடுத்து அரைத்துவந்தேன். எல்லாம் ஒரே மாவாகிவிட்டது. காய்ச்சினேன், புளிக்கவைத்தேன், மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு அவள் கும்பாவிலேயே கொண்டுபோனேன். பசை மாதிரி இருந்தது. எனக்கே தெரிந்தது.

ஆச்சி இரண்டு வாய் குடித்தாள். சமையலில் யாரையும் லேசில் மெச்சாதவள். என் முகத்தைப் பார்த்து, "நல்லாருக்குட்டி" என்றாள்.

எனக்காக அவள் சொன்ன இரண்டாவது பொய் அது. மூன்றாம் நாள் போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. ஐந்து வருஷம் ஒரே ஊரில் இருந்தும் கேட்கவில்லை.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. இப்போது கம்பு கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்து, அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறது. 'நம் மண்ணின் உணவு' என்று மேலே எழுதியிருக்கிறார்கள். வரலாற்று டீச்சர் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். கம்பும் சோளமும் கேழ்வரகும் ஆப்பிரிக்காவில் பயிராகிப் பல ஆயிரம் வருஷம் முன்னால் இங்கே வந்தவை. ஆச்சி தக்காளிக்குப் பதில் கரைத்த புளியும் ஆப்பிரிக்க மரம்தான். காயம் இன்றும் பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது. இங்கேயே பிறந்தவை என்றால் சாமை, வரகு, கத்திரிக்காய், முருங்கை, மிளகு என்று சொல்லலாம். ஆகவே ஆச்சியின் பானையும் என் சட்டியும் வெளியூரிலிருந்து வந்தவைதான். அவள் பானை கொஞ்சம் முன்னால் வந்தது. எது பாரம்பரியம் என்று வருஷத்தை வைத்துச் சண்டை போட்டால் யாரும் ஜெயிக்க முடியாது. யார் எதை எந்த நிலைமையில் சாப்பிட்டார்கள், தலை நிமிர்ந்தா, கூனிக்குறுகியா என்று கேட்டுப் பாருங்கள். நாக்கு ஏன் ஒன்றை ஏற்கிறது, ஒன்றைத் தள்ளுகிறது என்பது அப்போது புரிய ஆரம்பிக்கும்.

இந்தக் கோடையில் என் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் அடுப்படியில் தினமும் சண்டைதான். அவளுக்கு எல்லாவற்றிலும் சீஸ் வேண்டும். எனக்கு அந்த வாடையே ஆகாது. என் சுண்டவத்தல் குழம்பு அவளுக்கு ஆகாது. ஒருநாள் காலையில் பரணிலிருந்து ஆச்சியின் கும்பாவை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, கூழ் கரைத்து வைத்திருந்தேன். இந்த முறை என் கையால் உரலில் இடித்தது. பதம் இன்னும் ஆச்சி பதம் இல்லை. பேத்தி வந்து எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்து, "ஆச்சி, இது யாருக்கு?" என்று கேட்டாள்.

ஒரு நிமிஷம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "நமக்குத்தான்" என்றேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிக்குது" என்று கும்பாவை என்னிடமே தள்ளிவிட்டாள். பரவாயில்லை. அவள் நாக்கு அவள் காலத்து நாக்கு. அவளிடம் நான் பொய் சொல்லவில்லை, அவளும் என்னிடம் சொல்லவில்லை.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் ஆச்சியோ அப்பத்தாவோ அம்மாச்சியோ பாட்டியோ இருந்தால், அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்காதீர்கள், அதை எல்லோரும் கேட்கிறார்கள். எதைத் தொடவே மாட்டார்கள், ஏன் என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்லும் வருஷத்தைக் குறித்துவைத்துவிட்டு, அந்த வருஷத்தில் நாட்டில் என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள். பதிலை எனக்கு எழுதுங்கள். திருத்தித் தருகிறேன், மதிப்பெண்ணும் போடுகிறேன்.

கம்பு தோசை சுட்ட பிள்ளைக்கு: தோசை அருமை. சட்னியை நான் தொட்டுக்கொள்வேன். ஆச்சிக்கு மட்டும் கொஞ்சம் துவையல் அரைத்து வை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்